உள்ளே வந்த தடம்

லைப்ட்சிக், ஜெர்மனி
3 மார்ச் 2025

தம்பி வளவனுக்கு,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். அம்மாவின் பட்டன் போனையும் நீதான் எடுக்கிறாய். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

ஜனவரியில் காலனித் தெருவில் எல்லோர் முன்னாலும் நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "செத்த வூட்டுல போடுற சாம்பல, உசுரோட இருக்குற வூட்டுல போட உனக்கு யாருக்கா சொல்லிக் குடுத்தது? அந்த வெள்ளக்காரியா?"

அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்தான் அவளுக்குச் சொன்னேன். ஸ்டுடியோவில் ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் ஊர்ப் பழக்கம் ஏதாவது சொல்லேன் என்றாள் ஹெட்டா. கருமாதிக்கு முந்தின ராத்திரி, இறந்தவர் வீட்டுத் தரையில் சாம்பலைச் சலித்துப் பரப்பிக் கதவைச் சாத்துவோம், விடிந்ததும் தடம் பார்ப்போம் என்றேன். உள்ளே வந்த தடமும் வெளியே போன தடமும் இருந்தால் ஆள் நிம்மதியாகப் போய்விட்டார் என்று அர்த்தம்.

"உள்ளே வந்த தடம் மட்டும் இருந்தால்?"

"ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று அர்த்தம்."

அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாளே நெய்வேலிக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

உனக்கு ஹெட்டா லீபிஷைப் பிடிக்காது. சரி. யார் என்று தெரிந்துகொண்டு வெறு. அவள் பிறந்தது லௌசிட்ஸ் பக்கம். நம் ஊர் மாதிரியே பழுப்பு நிலக்கரி பூமி. அவளுக்குப் பதினொரு வயதில் அவள் ஊரைச் சுரங்கம் தின்றது. பள்ளிக்கூடம், சர்ச், கல்லறை எதுவும் மிஞ்சவில்லை. அவள் அப்பாவுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் மிஷின் ஓட்டும் வேலை. தன் தெருவைத் தானே வெட்டினார்.

இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபின் சுரங்கங்களை மூடி, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய முகங்களை ஹெட்டா நிலக்கரிக் கட்டிகளில் அச்சாகப் பதித்தாள். நடுக் குளிர்காலத்தில், ஹீட்டர் இல்லாத ஒரு கூடத்தில், அந்தக் கட்டிகளை அடுக்கிப் பக்கத்தில் ஓர் அடுப்பை வைத்தாள். குளிர் தாங்காதவர்கள் ஒரு முகத்தை எடுத்து அடுப்பில் போட்டுக் குளிர்காயலாம். முதல் நாள் யாரும் தொடவில்லை. கடைசி நாள் அடுக்கில் எதுவும் இல்லை. அவள் பெயர் வெளியே தெரிந்தது அப்படித்தான். பிறகு ஒரு வங்கியின் பளிங்குத் தரை முழுக்க நிலக்கரித் தூளைக் கொட்டினாள். அங்கே வந்துபோனவர்கள் எல்லாரும் அதைத் தங்கள் செருப்பிலேயே வீடு வரைக்கும் சுமந்துபோனார்கள். அதற்காகக் கோர்ட்டில் நின்றாள். இன்று பெரிய பேராசிரியை, பெரிய பெயர். ஆனால் இன்னும் அதே கோபம்தான்.

நம் காலனியில் நாங்கள் செய்தது திருட்டு இல்லை. காலி செய்துகொண்டிருந்த வீடுகளில் குறிஞ்சிப்பாடித் தறித் துணியை விரித்து, அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தூவினோம். குடியிருந்தவர்களைக் கடைசியாக ஒருமுறை நடந்து வெளியேறச் சொன்னோம். மேலே பசை தெளித்துச் சுருட்டிக்கொண்டு வந்தோம். நம் வீட்டில் அம்மா நடந்தாள். நடு வீட்டிலிருந்து வாசல் தாண்டி, தெரு வரைக்கும் விரித்த ஒரே நீளத் துணி. அதில் அம்மாவின் தடம் மட்டும்தான். இங்கே கண்காட்சிக் கூடத்தின் நடுவில் அதைத்தான் போடப்போகிறார்கள். மே மாதம் திறப்பு. அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன்.

ஜூனுக்குள் சுரங்க மிஷின் நம் தெருவுக்கு வந்துவிடும் என்று நீயே சொன்னாய். அம்மாவை எப்போது வெளியே கூட்டிப்போகிறாய்? அதை மட்டுமாவது எழுது.

அக்கா,
செவ்வந்தி


கம்மாபுரம் பக்கம்
24 மார்ச் 2025

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. எப்படியும் படித்துவிட்டுத்தான் கிழித்திருப்பேன்.

உன் ஹெட்டா பெரிய ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். முகத்தை அடுப்பில் போட்ட கதையை ஷிப்டில் பன்னீர்செல்வத்திடம் சொன்னேன். "நம்ம மூஞ்சியத்தான் தெனம் போடுறானுங்களே. இங்க டிக்கெட்டு வாங்கிகினு பாக்க ஆள் வர்ல, அவ்ளோதான்" என்றான். தூரத்து அனல்மின் நிலையத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம்.

பிறகு அழைப்பிதழைப் பிரித்தேன். அடியில் நன்றி என்று போட்டு ஒரு கம்பெனியின் பெயர். அந்தப் பெயரை நான் எழுதமாட்டேன். ஆனால் எனக்கு அது நன்றாகத் தெரியும். பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணையும் கரியையும் வாருகிறவன் நான். எங்கள் லைனில் ஓடும் ரப்பர் பெல்ட் முழுக்க அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. ஷிப்ட் முடியும் வரை தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் போகும். அப்பாவின் வலது கால் சுண்டுவிரலைக் கொண்டுபோனது அந்த பெல்ட்டுதான். ஏழைக்காகக் கோபப்படுகிறவளுக்குக் கூடம் பிடித்துக் கொடுப்பவர்கள் அவர்களா? நல்ல கோபம்.

நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய், நான் வீட்டில் இருந்தேன். அதனால் மறுபடி சொல்கிறேன். அந்த மழைநாளில் அப்பா காலை ஷிப்டுக்குத்தான் போனார். தூக்குச்சட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சுரங்கத்தில் மண் சரிந்தது. காண்ட்ராக்டர் சொன்னான்: "வைத்திலிங்கம் அன்னிக்கு வேலைக்கே வர்லியே." கேட் பாஸ் இல்லாமல் உள்ளே அனுப்பியவனே அவன்தான். பாஸ் இல்லை, அதனால் ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை, அதனால் மண்ணைத் தோண்டவும் இல்லை. உடல் இல்லாமல் கருமாதி செய்யமாட்டேன் என்று அம்மா தாலியோடு இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் சாம்பல் போட்டதே இல்லை.

நீ வந்து போட்டாய்.

நீ போனபிறகு நடந்தது இது. உங்கள் ஆட்கள் மிச்சம் வைத்துப்போன சாம்பல் மூட்டையை அம்மா உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள். தினமும் நடு வீட்டில் சலித்துத் தூவுகிறாள். காலையில் குனிந்து பார்க்கிறாள். கூட்டி அள்ளுகிறாள். மறுபடி தூவுகிறாள். ஏன்மா என்றால், "ஊரான் வூட்டுத் தடமெல்லாம் அந்தப் பொம்பளைக்குக் காட்டுது. எனக்கு என் வூட்டுக்காரர் தடத்தக் காட்டாதா?" என்கிறாள்.

தெருவில் இப்போது மூன்று வீட்டில்தான் ஆள். மற்றவற்றில் கதவு, நிலை, ஓடு எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. நிலக்காரர் ராஜாங்கம் வீட்டுக்கு நிலத்துக்கு இழப்பீடு, பையனுக்கு பர்மனென்ட் வேலை. நமக்கு? நாமும் அதே நிலத்தில்தான் தலைமுறையாகக் கிடந்தோம், கூலியாக. "நெலமே இல்ல, எதத்தான்யா எழந்த?" என்று கேட்கிறான் மனுவை வாங்கிப் பார்த்தவன். குடிசைமாற்று வீடு மாதிரி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அம்மா அங்கே வர மறுக்கிறாள். "அவரு வந்தா இங்கதான வருவாரு, அங்க வழி தெரியுமா அவருக்கு?"

குடத்துத் தண்ணீர் சும்மா இருக்கும்போதே வளையம் வளையமாக அசைகிறது. மிஷின் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. அதே அதிர்வில் தரையில் சாம்பலும் நகர்கிறது. காலையில் தூவியது சாயங்காலம் மெல்ல மெல்ல வரிவரியாக, கடற்கரை மணல் மாதிரி ஆகிவிடும். வரிகள் எல்லாம் வாசல் பக்கமிருந்து உள்ளே வருவதுபோல இருக்கும். அதிர்வுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் நான் முதுகைக் காட்டிப் படுப்பதில்லை.

வளவன்


லைப்ட்சிக்
7 ஏப்ரல் 2025

தம்பி,

நீ எழுதியதை ஹெட்டாவிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெயரைப் பற்றி, அப்பாவின் விரலைப் பற்றி. அவள் சொன்னாள்: "அழுக்கில்லாத பணம் எங்கே இருக்கிறது என்று காட்டு. நாளைக்கே அங்கே போய்க் கண்காட்சி வைக்கிறேன்." தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதற்காக என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது. எனக்கும் விசா, வாடகை, சம்பளம் எல்லாமே அவள் கையில். நீ அப்பா மாதிரியே பாஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் போகிறாய். நான் பாஸோடு போகிறேன். அதுதான் நமக்குள் வித்தியாசம்.

துணிகளைக் கூடத்தில் விரித்தாகிவிட்டது. பழைய தொழிற்சாலை அது. தரை கண்ணாடிபோல மெழுகப்பட்டிருக்கும். நம் வீட்டுத் துணி நடுவில். தெருப் பக்கத்து முனை ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. அந்தச் சுவரில்தான் நன்றி சொல்லி அந்தப் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். வேறெங்காவது திருப்பிப் போடலாமா என்று கேட்டேன். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் என்றார்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. கூடத்தைத் துடைக்க வருகிற அம்மாள் போலந்துக்காரி. அவளும் காண்ட்ராக்ட்தான். தினமும் காலையில் நம் துணியின் முனையில் தரையெல்லாம் சாம்பல் உதிர்ந்து கிடக்கிறது என்று என்னைத் திட்டுகிறாள். பசை தெளித்தது உதிராது. கையால் தேய்த்துப் பார்த்தேன், ஒரு துகள்கூட ஒட்டவில்லை. ஆனால் அவள் முறத்தில் சாம்பல் இருக்கிறது. நம் ஊர்ச் சாம்பல். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் பேச்சு வேண்டாம். அவள் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சாம்பலைக் கூட்டி மூட்டையோடு தெருவில் தள்ளு. தூக்கிக்கொண்டாவது அவளை வெளியே கொண்டுபோ. வீடு போகட்டும்.

செவ்வந்தி


கம்மாபுரம் பக்கம்
26 ஏப்ரல் 2025

அக்கா,

நீ சொன்னபடி கூட்டித் தள்ளியிருக்கலாம். நான் வேறு ஒன்றைச் செய்துவிட்டேன்.

அப்பா வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று அம்மா நம்பினால் கருமாதியை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவு கால். பத்தாவது படிக்கும்போது அவர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போவேன். வாசலிலிருந்து சாமி படம் மாட்டிய சுவர் வரைக்கும் சாம்பலில் வெறுங்காலோடு நடந்தேன். வலது காலில் சுண்டுவிரல் பதிந்த இடங்களை மட்டும் கைவிரலால் தடவிச் சமமாக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவே நடந்து உள்ளே வந்த மாதிரி இருந்தது. ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தோட்டத்துக் கதவு வழியாக வெளியே வந்து ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபிறகுதான் உறைத்தது. உள்ளே வந்த தடத்தைப் போட்டேன். வெளியே போகிற தடத்தைப் போடவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். "வந்துட்டாருடா. போவல. உள்ளதான் இருக்காரு. செருப்ப வெளியவே வுட்டுட்டு மெதுவா வா" என்றாள்.

நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். சத்தம்போட்டுச் சொன்னேன். அவள் குனிந்து என் வலது காலைப் பார்த்தாள். "உனக்கு அஞ்சு வெரலு இருக்குதே" என்றாள். அவ்வளவுதான். முடிந்தது.

இப்போது அவள் வீட்டைவிட்டு நகர்வதில்லை. அந்தச் சாம்பலைத் தாண்ட யாரையும் விடுவதில்லை. என்னையும்தான். நான் வாசலிலேயே சாப்பிட்டு, கலியம்மாள் பெரியம்மா விட்டுப்போன வீட்டில் படுத்துக்கொள்கிறேன். அம்மா இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். என்னைச் சேர்த்தால் மூன்று பேருக்கு. குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். கலியம்மாள் பெரியம்மா புது இடத்திலிருந்து பார்க்க வந்து, வாசலில் நின்று, "இன்னாடி சாமியம்மா, புதுப்பொண்ணு மாரி கீற?" என்று கிண்டல் செய்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. அப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறிவிட்டது. என்ன பார்த்தாய் என்று போனில் கேட்டேன். "ஒண்ணும் பாக்கல சாமி. நீ அந்தப் பக்கம் போவாத" என்றது.

போன வாரம் அம்மா வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தள்ளினேன். உள்தாழ்ப்பாள் விழுந்திருந்தது. தோட்டத்துக் கதவை, தடம் போட்ட மறுநாளே நான் ஆணி அடித்து மூடிவிட்டேன், அம்மா அடிக்கச் சொன்னதால். அம்மா பதறவில்லை. "ஏங்க, நாந்தாங்க" என்று இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திறந்தது. சுரங்கத்தில் வெடி போடுகிற அதிர்வில் நிலை கோணிப்போயிருக்கிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா, நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். தாழ்ப்பாள் தானாக விழும். தானாக எழாது.

மே கடைசிக்குள் காலி செய்யாவிட்டால் போலீஸோடு வருவோம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் வந்தால் அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நான் அவளை அறிவேன். வீட்டோடு போய்விடுவாள்.

அதனால் கேட்கிறேன். உன்னிடம் இருக்கும் நம் வீட்டுத் துணியை அனுப்பு. அதில் அப்பா வெளியே போகிற மாதிரி தடம் போட்டு அனுப்பு. வலது காலில் நாலு விரல். உள்ளேயிருந்து வாசலுக்கு. உனக்குத் தெரிந்த வேலைதானே இது? அம்மா நம்புவாள். "பாதி தர அக்காகிட்ட போயிட்ச்சே, அவரு அங்கயும் போய்ப் பாப்பாரு இல்ல?" என்று அவளே சொன்னாள். தரை போன இடத்துக்கு ஆளும் போய்விட்டார், இங்கே இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. திட்டியது சரிதான். ஆனால் அனுப்பு.

வளவன்


லைப்ட்சிக்
10 மே 2025

தம்பி,

பார்சலுக்குள் வைப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கூரியர்க்காரன் கீழே நிற்கிறான்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை ஹெட்டாவிடம் கேட்டேன். முடியாது என்றாள். "படைப்பு முடிந்துவிட்டது. இனி அது உன் அம்மாவின் தரை இல்லை." அந்த அடுப்புக் கண்காட்சியில் எல்லா முகமும் எரிந்ததாகத்தானே ஊர் நம்புகிறது? ஒன்று எரியவில்லை. ஸ்டுடியோவில் அவள் மேசை இழுப்பறையில், பழந்துணியில் சுற்றி இருக்கிறது. அவள் அப்பாவின் முகம். தூசி தட்டும்போது நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "உங்கள் அப்பாவை மட்டும் நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லையே" என்றேன்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். துணி வெட்டும் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனாள். நான் முடிக்கிறவரை திரும்பி வரவில்லை.

முழுத் துணியையும் தூக்க முடியவில்லை. நடு வீட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் வெட்டி எடுத்திருக்கிறேன். தெருப் பக்கத்துத் துண்டு அங்கேயே கிடக்கிறது. குறை இருந்தால் நீ சரிசெய்துகொள், சாம்பல் உன்னிடம் இருக்கிறது. அம்மாவை வெளியே கொண்டுவா. எனக்கு அது போதும்.

செவ்வந்தி


நெய்வேலி
30 மே 2025

அக்கா,

அம்மா வெளியே வந்துவிட்டாள்.

பார்சல் வந்த அன்றே கொண்டுபோனேன். பிரித்துப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு அவசரம். போலீஸ் வேன் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்று, "அம்மா, அக்கா அனுப்பியிருக்கு. அப்பா அங்க போயிட்டாராம், பாரு" என்று சொல்லி நடு வீட்டை நோக்கி உருட்டிவிட்டேன். துணி தானாக விரிந்துகொண்டே போய்ச் சுவரில் இடித்து நின்றது.

அம்மா உட்கார்ந்து பார்த்தாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். அக்கா, நீ பெரிய கலைக்காரிதான். இனி உன்னைக் கேலி செய்யமாட்டேன். அம்மாவின் தடத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவின் தடம். வலது காலில் நாலு விரல். அதை நான் சொல்லியிருந்தேன். ஆனால் இடது குதிகால் வெடிப்பு? பெருவிரல் நகம் உள்ளே மடங்கியிருக்குமே, அந்தக் குழி? எனக்கே மறந்துபோயிருந்தது. அம்மா அந்த வெடிப்பை விரலால் தடவினாள். "வெளக்கெண்ண போடுன்னா கேக்கவே மாட்டாரு" என்றாள். அப்போதுதான் அழுதாள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அழுதாள்.

அப்புறம் எழுந்து, ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் தன் காலை வைத்து, அவரோடு நடக்கிற மாதிரி நடந்து வாசற்படிக்கு வந்தாள். துணி முடிகிற இடத்தில் நின்றாள். "மீதி எங்கடா?" என்றாள். அக்காகிட்ட இருக்குது என்றேன். "சரி, அவ பாத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. வேனுக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கருமாதி முடிந்தது. தாலியை இறக்கியாகிவிட்டது. புது வீட்டில் இருக்கிறோம். சுவரில் இப்போதே விரிசல். தண்ணீர் லாரி நினைத்தால் வரும். அதைப் பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டும், போடுவேன்.

நேற்று நம் தெருவை மிஷின் எடுத்தது. நான் லைனில் இருந்தேன். நம் வீட்டு மண் என் தலைக்கு மேல் பெல்ட்டில் போனது. செங்கல் துண்டு ஒன்றில் நீலச் சுண்ணாம்பு இருந்தது. சாமி படம் மாட்டிய சுவர். அந்தப் பெயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு போனது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். போன் செய். அம்மா பேச வேண்டுமாம்.

தம்பி,
வளவன்


லைப்ட்சிக்
18 ஜூன் 2025

வளவா,

போன் செய்யாமல் எழுதுகிறேன். இதை வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

நான் தடம் போடவில்லை.

போட நினைத்தேன். மீந்த துணி ஒன்றில் சாம்பல் தூவி என் காலையே வைத்து, விரலை அழித்துப் பார்த்தேன். பொம்மைக் கால் மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. நீ உன் காலால் போட்டுக்கொள்வாய் என்று நினைத்துத்தான் "சரிசெய்துகொள்" என்று எழுதினேன். நான் சுருட்டியபோது அந்தத் துணியில் அம்மாவின் தடம் மட்டும்தான் இருந்தது. நகம் மடங்கிய குழி எனக்கும் ஞாபகமில்லை.

உன் கடிதம் வந்ததும் கூடத்துக்கு ஓடினேன். மீதி எங்கே என்று அம்மா கேட்டாளே? அதைப் பார்க்கத்தான். வாசலில் அந்தத் துடைக்கிற அம்மாள் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். "நான் உள்ளே போகமாட்டேன். யாரோ நடந்திருக்கிறார்கள். செருப்பில்லாமல்" என்றாள்.

நான் வெட்டிய இடத்திலிருந்து இன்னொரு தடம் தொடங்குகிறது. தெருப் பக்கத்துத் துண்டில் அம்மாவின் தடத்தோடு சேர்ந்தே போகிறது. துணி முடிந்த இடத்தில் அம்மாவின் தடம் நின்றுவிடுகிறது. இன்னொன்று நிற்கவில்லை. மெழுகிய தரையில், சாம்பலாலேயே, ஒவ்வொரு காலாகப் போகிறது. இடது குதிகாலில் வெடிப்பு. வலது காலில் நாலு விரல்.

ஹெட்டா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "நீயா?" என்றாள். "நீங்களா?" என்றேன். பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவளுடைய இத்தனை வருடப் படைப்பில் இதுதான் உச்சம் என்று எழுதுகிறார்கள். அவள் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அந்த நிலக்கரிக் கட்டியை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். கம்பெனிக்காரர்கள் தரையைத் துடைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். துடைத்தார்கள். மறுநாள் காலை அதே இடத்தில், அதே தடம்.

அம்மா நினைத்தது சரிதான். அப்பா வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அவளிடம் அதை மட்டும் சொல். எங்கே போனார் என்று சொல்லவேண்டாம். உனக்குச் சொல்கிறேன்.

அந்த வெள்ளைச் சுவருக்கு வந்திருக்கிறார். நீ எழுதமாட்டேன் என்ற அந்தப் பெயருக்கு நேர் கீழே, இரண்டு காலும் சேர்ந்து நிற்கிறது. கேட்டில் வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி. உள்ளே வந்த தடம் மட்டும்தான் இருக்கிறது. திரும்பிப் போன தடம் இல்லை.

அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்றார்களே, தம்பி.

வந்துவிட்டார்.

செவ்வந்தி